வார்டு முழுக்கக் கேட்ட குரல்

மிஸ்ஸி,

இன்று காலை ஊறுகாய் போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், என் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நீங்கள் வந்து நிற்பது போலிருந்தது.

நெல்லியடி வீட்டில் காஸ் அடுப்பு வெடித்து, கழுத்தும் வலக்கையும் வெந்துபோய் நீங்கள் தாதியாக இருந்த தீக்காய வார்டுக்கு வந்த பள்ளிக்கூட ரீச்சர் நான். எட்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. கட்டுத்துணியில் பச்சை நிறச் சீழ். ஏற்றிய மருந்து எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை. இனி ஒரேயொரு மருந்துதான் மிச்சம், அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்று டொக்டர் என் கணவரிடம் சொன்னார்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினீர்கள். கை கழுவாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. பெரிய டொக்டரையே ஒருநாள் வாசலில் மறித்தீர்கள். அவரும் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வினாகிரியில் இருக்கும் அதே அமிலத்தில், டொக்டர் சொன்ன அளவு நீர் கலந்து, தினமும் அதனால் புண்ணைக் கழுவினீர்கள். உயிர் போகிற எரிவு. ஒருநாள் உங்கள் கையைத் தள்ளிவிட்டேன்.

"எனக்குக் காணும் மிஸ்ஸி. என்னை விடுங்கோ."

நீங்கள் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தீர்கள்.

"ரீச்சர், உந்தக் கிருமிக்கு மருந்தைத் தெரியும். என்னைத் தெரியாது. நாளைக்கும் வாறன்."

மறுநாள் உங்களுக்கு லீவு. ஆனாலும் பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள்.

காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகமும் தப்பியது. தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் கட்டவிழ்த்தது நீங்கள். கடைசித் துணியை நனைத்து மெல்ல மெல்ல உரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, ஒருநாளும் குரல் உயர்த்தாத நீங்கள், வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள்:

"தோல் பிடிச்சிட்டுது. எல்லாரும் வந்து பாருங்கோ."

ஓடிவந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கை கழுவிவிட்டு வரச் சொன்னதும் நீங்கள்தான். வெந்த காயத்தோடு வாய்விட்டுச் சிரித்தேன்.

போன வருடம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. தேவாலயத்தில் உங்கள் பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் எத்தனையோ பேருக்குக் கழுத்திலும் கையிலும் தழும்பு. ஒருவரும் அதை மூடிக்கொண்டு வரவில்லை.

போன கிழமை வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உரும்பிராய்ப் பெண் ஒருத்தி புண் கழுவ விடுகிறாள் இல்லையாம். போய் அவளருகே இருந்து, சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"உந்தக் கை எழும்புமோ, அக்கா?"

"ஓம்" என்றேன். நீங்கள் மீட்டுத் தந்த கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினேன். அவள் ஆசைதீரப் பார்த்து முடிக்கும்வரை இறக்கவில்லை.