காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

17.11.83, வியாழன்

செல்வியின் குழந்தை காலையில் இறந்துவிட்டது. என் கையில் பிறந்தது. இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. நேற்று உதடும் நகமும் நீலமாகிவிட, கீழ்பென்னாத்தூரில் பஸ் பிடித்து திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் கிணறு எங்கே என்றார். வயலுக்குக் கீழே, பள்ளத்தில் என்றேன். நெல்லுக்கு யூரியா போட்ட மறுநாளே அடைமழை பெய்ததையும் சொன்னேன்.

"உரம் கரைஞ்சு கிணத்துல இறங்கியிருக்கு, சிஸ்டர். அதான் ரத்தத்தைக் கெடுத்துடுச்சு."

"தண்ணிய காய்ச்சித்தான் பால் பவுடர் கலக்கினா, சார்."

"காய்ச்சினா கிருமி சாகும். உரம் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட ஜாஸ்திதான் ஆகும்."

காய்ச்சச் சொன்னவள் நான். செல்விக்குப் பால் வற்றியபோது வீட்டுக்கே போய் மிரட்டிவிட்டு வந்தேன். பதினோரு வருஷமாக எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான்.

சாயங்காலம் போனேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சினேன், நர்ஸம்மா. இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சியிருந்தா பொழைச்சிருக்குமா?"

"உன் மேல தப்பில்லம்மா" என்றேன்.

பக்கத்து வீட்டிலும் கைக்குழந்தை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் இன்னொரு விறகைத் தள்ளினாள். பாத்திரத்தை இறக்கி வாசலில் கொட்டினேன்.

"அப்ப எந்தத் தண்ணிய குடுக்கறதுங்க?" என்றாள்.

ஊரில் மூன்று கிணறு. மூன்றும் வயலுக்குக் கீழேதான்.