தலைப்பிரசவத்துக்கு அப்பா வீடு

இஸ்லாமாபாத்,
12 நவம்பர் 1972

என் ரூனு,

நானும் உன் அப்பாவும் உயிரோடும் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையோடும் இருக்கிறோம், டாக்காவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க அல்லாஹ் அருளட்டும். நம் இரு நாடுகளுக்கும் நடுவே நேர்த் தபால் இல்லை, இதை லண்டன் போகிற ஒருவர் கையில் உன் மாமாவுக்குக் கொடுத்தனுப்புகிறேன், அவன் அங்கிருந்து அனுப்புவான்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் அப்பா வீட்டுக்கு வருவதுதானே நம் வழக்கம், அந்த வீடே இப்படி அயல்நாட்டில் மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டார்கள். பங்களாதேஷ் பிறந்த கையோடு இங்குள்ள வங்காளி அரசு அலுவலர்களிடம் எந்த நாட்டுக்கு வேலை செய்ய விருப்பம் என்று படிவம் நீட்டினார்கள். உன் அப்பா பங்களாதேஷ் என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு மாதத்தில் கப்பலேற்றிவிடுவார்கள், பெட்டி கட்டு என்றார். வேலை போயிற்று, குடியிருப்பு போயிற்று, இப்போது இரண்டு அறையில் இரண்டு குடும்பம், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வாராவாரம் காவலர் வந்து ஆளை எண்ணிப் போகிறார். அவருடைய அலுவலகத் தோழர் மொதாஹார் பாகிஸ்தான் என்று எழுதினார், அன்றோடு அப்பா அவரிடம் பேச்சை விட்டார். மொதாஹாரோ வேலையில் இருந்துகொண்டே விடுப்பு வாங்கி, குவெட்டா வழியாக மலை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள் போய், இப்போது டாக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிறாராம். பொய் எழுதினவரு ஊருல, நெஜம் எழுதினவரு கூண்டுல என்று நான் குத்தினால், எழுதிக் கொடுக்கிற இடத்துல எப்படிப் பொய் சொல்றது என்று என்னையே கேட்கிறார்.

போன வாரம் ஒரு பட்டாணியர் வந்தார், லாரியில் ஒளித்து கந்தகார் வரை கொண்டுவிடுவாராம். அப்பாவின் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு, இரைப்புக்காரரை ஏத்த முடியாது, அவர் இருமினா எல்லாரும் மாட்டுவோம், நீங்க மட்டும் வாங்கம்மா என்றார். அப்பா உடனே, போ, பொண்ணு காத்திருப்பா, எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதா என்கிறார், அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்றுகூட அறியாத மனிதர். உன்னிடம் மறைக்க மாட்டேன், நான்கு நாளாய்ப் போவதாகத்தான் இருந்தேன், குழந்தைக்குப் பழைய சேலையில் தைத்த போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்துகூடப் பார்த்தேன். ஆனால் எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தால் சிறைக்குப் போவது இவர்தான், அந்தக் குளிரில் இந்த நெஞ்சு தாங்காது. நேற்று வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன், லாரி போய்விட்டது.

பதிலில் லாரியைப் பற்றி எழுதிவிடாதே, உறையைப் பிரித்துப் படிக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. எனக்காகப் பார்த்திருக்காமல் மாமியாரிடம் நீயே போய், உங்க வீட்டுலேயே பெத்துக்கிறேன் என்று சொல். வலி வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொள். என் கை என்று நினைத்துக்கொள்ளாதே மகளே, அவர் கை என்றே நினைத்து இறுகப் பிடி. தாயும் பிள்ளையும் வேறாகி நலமாக எழுந்திருக்க எங்கள் துஆ.

உன் அம்மா,
ஷம்சுன் நாஹார்