சொல்லாமல் வைத்திருந்த கப்பல் பயணம்

என்னங்க,

அன்று நம் வீட்டில் நாற்காலியில் உங்கள் சிநேகிதர் அமிர்தராஜ் அண்ணன், கட்டிலில் அவர் மனைவி ஆன்மேரி, கதவோரம் நான். நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்தினோம். "என்னை வச்சு என்னடா ரகசியம்?" என்று கோபித்து, அண்ணனோடு பேசுவதையே விட்டீர்கள். அடுத்த வாரம் சுனாமி அவரைக் கொண்டுபோய்விட்டது.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பிறந்தநாளுக்கு நால்வரும் லட்சத்தீவுக் கப்பலில் போவதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதே சொல்லிவிடலாம் என்றேன். "வேணாம்மா, முறைச்சுக்கட்டும். கப்பல்ல ஏறினதும் அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்று சிரித்தார் அண்ணன். அவருக்கு உங்கள்மேல் கோபமே இல்லை.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் மாதா கோயிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. ஆன்மேரி உங்களைத் தேடுவார்கள், வந்துவிடுங்கள்.

விஜயா

பி.கு: நேற்று வந்த நாலு டிக்கெட்டையும் திருப்பி அனுப்ப உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன்.