ஓவனுக்கு இரண்டு வாளி மண்

ஆடி 27, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. வீடெல்லாம் புழுதி. கொடியில் போட்ட என் வேட்டி இப்போது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

வேலைகள்:
1. மோட்டாருக்குக் கிரீஸ்.
2. அடுப்படித் தீயணைப்பு வாளி இரண்டிலும் மண் சலித்து நிரப்ப.
3. ஓவன்.

மூன்று மாதமாக அது மூன்றாவது வேலையாகவே நிற்கிறது.

மகள் கவிதா பெங்களூரிலிருந்து அனுப்பியது. வெளிநாட்டுச் சரக்கு. அடுப்படிச் சுவரில் பதித்து, முகமெல்லாம் கறுப்புக் கண்ணாடி. அம்மாவுக்குக் கேக் சுட ஆசை என்று வாங்கினாள். அவள் அம்மா செல்வி இதுவரை ஒரு பிஸ்கட் கூடச் சுடவில்லை. காரணம் நான். நான் இன்னும் அதை பாஸ் பண்ணவில்லை.

விஸ்வநத்தத்தில் முப்பத்தொரு வருடம் பட்டாசுக் கம்பெனி போர்மேன். என் செட்டில், அதாவது மருந்து அடைக்கும் கொட்டகையில், ஒரு பொறி பறந்ததில்லை. ஓய்வு பெற்றபின் அடுப்படிதான் என் செட். சுவரில் விதி எழுதி ஒட்டியிருக்கிறேன்: (1) நைலான் சேலை கூடாது. (2) உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. (3) நுழையுமுன் நிலையில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் உள்ள கரண்ட் இறங்க. (4) செல்போன் வெளியே.

செல்வி: "எனக்கும் ஒரு அடையாள அட்டை குடுத்துருங்க. களுத்துல மாட்டிக்கிட்டு ரசம் வைக்கேன்."

மத்தியானம் கவிதா போன். "அப்பா, அந்த ஓவன் வைஃபைல இருக்கு. இங்கன இருந்தே என் போன்ல பாக்கேன். ஒரு தடவ கூட ஆன் ஆகல. ஞாயித்துக்கெளம எம் பயலுக்கு மொதப் பொறந்தநாள், அங்கனதான் வாரோம். அதுல அம்மா சுட்ட கேக்கத்தான் வெட்டணும். இல்லன்னா களத்தி எங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிருவேன், சொல்லிட்டேன்."

சம்பந்தியம்மா ஏற்கெனவே இரண்டு தடவை ஓவனைப் பற்றி விசாரித்தாராம். இருக்கும், இருக்கும்.

செல்வி காதில் விழுந்துவிட்டது. ஓவனை மட்டும் ஒரு தடவை துடைத்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இன்று விபத்து இல்லை. (செட் ரிஜிஸ்டரில் தினம் எழுதிய பழக்கம். கை தானாக எழுதுகிறது.)

ஆடி 28, வியாழன்

காற்று நின்றபாடில்லை.

ஓவன் புத்தகம் படித்தேன். தடிமன். ஆங்கிலம், இன்னும் ஏழெட்டு பாஷை. தமிழ் இல்லை. பத்துப் பக்கத்தில் தூங்கிவிட்டேன். மூக்குக்கண்ணாடி மார்பில்.

முடிவு: நாளை சோதனை ஓட்டம். நாளை ஆடிக் கடைசி வெள்ளி, செல்வி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிறாள். வீட்டில் நான் மட்டும். அதுதான் முறை. புதுச் சரக்கைச் சோதிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது.

இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். எனக்குப் பயம். கூட வேலை பார்த்த மாரிச்சாமியின் செட் வெடித்துப் போன அன்று நான் அடுத்த செட்டில் இருந்தேன். முந்தின நிமிடம்தான் வெற்றிலை கேட்டான். அதற்குப் பிறகு நான் ஒரு தீக்குச்சி உரசியதில்லை. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்துவது கூடச் செல்விதான். ஊர் இதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"நீங்களும் வாங்களேன்," என்றாள். மூட்டு வலி என்றேன்.

இன்று விபத்து இல்லை.

ஆடி 29, வெள்ளி

5.30: செல்வி சாத்தூர் பஸ்ஸில் கிளம்பினாள்.

11.00: பருத்தி வேட்டி, பனியன். செல்போன் வெளியே டி.வி. மேல். செம்புத் தகட்டைத் தொட்டேன். இரண்டு தடவை.

11.10: ஓவனில் எட்டு படம். எதை அமுக்க? செட்டில் காலையில் முதல் வேலை சுத்தம் செய்வது. அப்புறம்தான் உற்பத்தி. சுத்தம் என்று ஒரு படம் இருந்தது. துடைக்கிற வேலைதானே, சாதுவாக இருக்கும் என்று அமுக்கினேன்.

"டடக்."

கதவு பூட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. பூட்டிய கதவு! எங்கள் தொழிலில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த மிஷின் தானே பூட்டுகிறது.

டிகிரி ஏறுகிறது (அழுக்கை எரித்துத்தான் சுத்தம் செய்யுமாம், பிறகு புத்தகத்தில் பார்த்தேன்). 150. 200. 250. ஒரு நெடி. மூக்கு, கண், தொண்டை. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே ஒரு தட்டு. தட்டு நிறைய மோர் மிளகாய்.

அடிப்பாவி! ஆடிப் புழுதி படாமல் இருக்க வத்தலைக் கொண்டுபோய் ஓவனுக்குள் வைத்திருக்கிறாள். நானும் உள்ளே பார்க்காமல் அமுக்கியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் எதற்கு?

400. உள்ளே செக்கச் செவேல் என்று. 430. மெயினை அணைத்தேன். மண் வாளியை எடுத்தேன். ஒன்று. இரண்டு. இரண்டையும் ஓவன் முகத்தில் வீசிவிட்டு, கொல்லைப் பக்கம் ஓடி, தரையில் குப்புறப் படுத்தேன். பயிற்சி அப்படி.

ஒன்றும் வெடிக்கவில்லை. இருமல்தான்.

பக்கத்து வீட்டு ராசாத்தி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அண்ணாச்சி! நல்லா இருக்கீகளா? ஏன் தரையில படுத்துருக்கீக?"

"மூட்டு வலி."

"யாருக்குத் திருஷ்டி சுத்துனீக? நெடி இம்புட்டுத் தூக்குதே, ஒரு பொட்டுத் திருஷ்டி கூட இல்ல போங்க."

போனில் ஏழு மிஸ்டு கால். எல்லாம் கவிதா. கூப்பிட்டேன். "சும்மாதாம்ப்பா. சாப்ட்டீகளா?" என்றாள். குரல் ஒரு மாதிரி.

மெயினைப் போட்டேன். 3 மணிக்கு ஆறியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. வத்தல் முழுக்கக் கரித்தூள். கம்பெனிக் கரிமருந்து கூட இவ்வளவு நைஸாக இருக்காது. மிஷின் உடம்பெல்லாம் மண்; காற்றுத் துளை வழியாக உள்ளேயும் போயிருக்கிறது. கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தி பொருத்தி வைக்க நினைத்தேன். (தீப்பெட்டி. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.)

ஆறு மணிக்கு வருகிறேன் என்ற செல்வி நாலரைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. கூட்டமாம், தூசியாம். காலடியில் நறநறவென்றது.

"இது என்ன மண்ணு?"

"ஆடிக் காத்து."

"சன்னல் சாத்தித்தான இருக்கு?"

"அம்புட்டுக் காத்து."

சாமி மாடத்தில் இருந்த திருநீறை எடுத்து என் நெற்றியில் பூசினாள். நிறையப் பூசினாள். வத்தலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் இடிக்கிறது.

இன்று விபத்து இல்லை. (விபத்து என்றால் ஆள் சேதம். இருமல் கணக்கில் வராது.)

ஆடி 30, சனி

காற்று குறைவு. ஓவன் ஆன் ஆகிறது, ஆனால் உள்ளே விசிறி சுற்றும்போது அம்மிச் சத்தம்.

செல்வி கடைக்குப் போனதும் ஓவன் கம்பெனிக்குப் போன். ஒரு பெண்பிள்ளை.

"சார், உள்ள என்ன போச்சுன்னு சொன்னீங்க?"

"மண்ணு."

"மண்ணா?"

"ஆத்து மண்ணும்மா. நல்லாச் சலிச்சது."

பின்னால் யாரோ சிரித்த சத்தம். மதுரையிலிருந்து ஆள் வர செவ்வாய் ஆகுமாம்.

செவ்வாய்க்கிழமை ஓவன் சம்பந்தியம்மா வீட்டில் இருக்கும்.

நானே இறங்கினேன். செட்டில் சல்லடையிலிருந்து வெடிமருந்து துடைக்கிற பிரஷ் ஒன்று வைத்திருந்தேன். மெயின் அணைத்து, தட்டுகளைக் கழற்றி, விசிறி மூடியைக் கழற்றி, இறகு இறகாகத் துடைத்தேன். இரண்டு மணி நேரம். மண் ஒரு உழக்கு தேறும். போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை. தனியாக நின்று கைதட்டினேன்.

வாளி நிரப்பப் போனால், இரண்டும் தளும்ப மண். நான் நிரப்பவில்லை.

இன்று விபத்து இல்லை.

ஆடி 31, ஞாயிறு

கவிதா, மாப்பிள்ளை, பேரன் 9 மணிக்கு. மாப்பிள்ளை செம்புத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி என்று நினைத்துவிட்டார் போல.

செல்வி மாவு கலக்கி உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "நீங்க அமுக்குங்க."

"நான் எதுக்கு?"

"அமுக்குங்கன்னேன்."

அமுக்கினேன். என் பக்கத்திலேயே, தோளோடு தோளாக நின்றாள். கேக் எழும்பி வருகிற வரை இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன்.

கேக் வெட்டியாயிற்று. பேரன் வாயில் வைத்ததும் துப்பினான். நல்ல வேளை. மாப்பிள்ளை முதல் துண்டை வாயில் போட்டார்.

கறுக்.

"கசகசாவா அத்தை?"

"ரவை மாப்ள," என்றாள் செல்வி, முகம் மாறாமல். "ரவை கேக்கு. அப்படித்தான் இருக்கும்."

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளி, 11.10, சுத்தம் ஆரம்பம். 430 டிகிரி. கரண்ட் நின்றது.

"ஆபீஸ்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு ஒண்ணுமே இல்ல. ஏளு தடவ அடிச்சேன், நீங்க எடுக்கல. அம்மாவக் கூப்பிட்டு, அம்மா ராசாத்தி அத்தையக் கூப்பிட்டு… கோயில் வரிசையில நின்னு அளுதுருக்கா. சாமி கூட கும்பிடாம ஓடியாந்துட்டா. நீங்க ரிஜிஸ்டர்ல என்னப்பா எளுதுனீக?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கேக்கைப் பார்த்தாள்.

திருத்தம். ஆடி 29, வெள்ளி: விபத்து ஒன்று. காரணம்: போர்மேன். சேதம்: மோர் மிளகாய் ஒரு தட்டு, அம்மனுக்கு ஒரு கும்பிடு.

இதை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். சுவரில் என் நாலு விதிக்குக் கீழே செல்வி கையெழுத்தில் ஐந்தாவது:

(5) உள்ளே ஒரு ஆள் மட்டும் இருக்கக் கூடாது. எப்பவும் ரெண்டு பேர்.