கோயிலுக்கு மேலே ஒரு பாலம்

அன்பு மகள் ஜோசெட்டுக்கு, தேவமாதாவின் அடைக்கலம் உனக்கு இருக்க வேண்டும் என்று மன்றாடி அம்மா எழுதுவது.

பாலம் திறந்த சனிக்கிழமை யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அப்படி நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. அமைச்சருக்குப் பதிலாக வந்த அம்மாள் ஒருவர், உயர்ந்த குதிகால் செருப்போடு. அவருடைய டிரைவர். தீவுகளுக்குப் பணம் கொடுக்கிற உங்கள் வட்டார நிதியிலிருந்து வந்த என்ஜினீயர் ராம்சரண், டிரினிடாட்காரர். படம் பிடிக்கிறவர் ஒருவர். பங்குத்தந்தை. ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்சிவல். கோயில் பாடகர் குழுவில் ஆறு பேர். சமையலுக்கு நானும் வெர்னிஸும். அக்கரையிலிருந்து உன் ஞானத்தாய் அல்போன்சின் ஒருத்திதான். அவள் எப்படி வந்தாள் தெரியுமா? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கிக் கடந்து, பிறகு எங்களோடு மலை ஏறினாள். பாலத் திறப்பு விழாவுக்கு, ஜோசெட், ஆற்றில் இறங்கி.

ஓர் ஆடும் இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. ரிப்பனை வெட்டியதும் முதலில் பாலத்தைக் கடந்தது அதுதான். பெர்சிவல் என் காதில், “அக்கா, இந்தத் தடவை ஆட்டுக்கும் ஓட்டு இருக்கோ? அதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கே” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலம் நல்ல பாலம். பொய் சொல்ல மாட்டேன். நல்ல இரும்பு, நல்ல கைப்பிடி. ஆனால் அது நிற்பது பழைய வாழைத் தோட்டத்துக்கும் அப்பால், எல்லோரும் விட்டுவிட்டு வந்த மலையில். அந்தப் பக்கம் இறங்கினால் புதர். அமைச்சருக்குப் பதிலாக வந்த அம்மாள் ஒலிபெருக்கியில், “இனிமே உங்க பிள்ளைங்க கால் நனையாம பள்ளிக்கூடம் போவாங்க” என்றார். அல்போன்சின் பாவாடையைப் பிழிந்துகொண்டே சத்தமாகக் கேட்டாள்: “எந்தப் பிள்ளைங்க, தாயி? இங்க கிளிக்குத்தான் குஞ்சு இருக்கு. அதுங்களுக்குப் பாலம் வேணாம், பறந்துக்கும்.” பங்குத்தந்தை இருமினார். பாடகர் குழு அடுத்த பாட்டை உடனே ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் ராம்சரணுக்குச் சேப்பங்கிழங்கும் உப்புமீனும் வைத்துக்கொண்டே கேட்டேன். “ஐயா, கோயிலுக்கு மேலேன்னுதானே நாங்க எழுதிக் கொடுத்தோம்?”

“மேலேதானேம்மா கட்டியிருக்கோம். எவ்வளவு மேலேன்னு பாருங்க, எனக்கு மூச்சு வாங்குது” என்றார். அவர் கேலி செய்யவில்லை.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எங்களுக்குக் காற்று வருகிற பக்கம் மேலே, காற்று போகிற பக்கம் கீழே. கோயிலுக்கு மேலே என்றால் கடல் பக்கம், ஆறு கடலில் சேருகிற இடம். பிள்ளைகள் கடப்பது அங்கே. இருபத்தொரு வீடு இருப்பது அதற்கு எதிர்க்கரையில். மலை ஏறச் சொல்ல வேண்டுமானால் நாங்கள் மலை என்றே சொல்லியிருப்போம்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன், முகம் வெளுத்துவிட்டது. “எங்களுக்கு வந்த தாள்ல ‘மலைப்பக்கம், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில்’னு தெளிவா இருந்துச்சும்மா. உங்க ஊர் எழுத்தை ஆபீஸ் நடையில மாத்தினவங்க இதே ஊர்க்காரங்க. அதனாலதான் நாங்க மறுபடி வந்து கேக்கல” என்றார். யார் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. “ஜோசெட் மேடம்தான்” என்றார்.

அப்போது அல்போன்சின் எனக்குப் பக்கத்தில் நின்று, “எந்த மேசைக் கழுதை இதை எழுதிச்சோ, அதோட கை விளங்காமப் போக” என்று பெர்சிவலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ராம்சரண் சொன்னது அவள் காதில் விழவில்லை. உனக்கு ஞானஸ்நானத் தொட்டியில் தலையைத் தாங்கிப் பிடித்தவள் அவள். நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

நீ பேச ஆரம்பித்த வயதில், அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் கடலைக் காட்டி “மேலே” என்பாய். அவர் படகு திரும்பி வராத வருடமும் அப்படித்தான் சொன்னாய். அப்போதிருந்த வெளிநாட்டுச் சாமியார் நீ பரலோகத்தைச் சொல்வதாக நினைத்துக் கண் கலங்கி உன்னை ஆசீர்வதித்தார். அவருக்குத் தெரியாது, சரி. உனக்கு எப்படித் தெரியாமல் போனது? ஆன்டிகுவாவில் உன் ஆபீஸ் கண்ணாடி ஜன்னலுக்குள் காற்றே வராதா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நீ என்ன சொன்னாய்? “பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு, விடுங்கம்மா. முடிஞ்சுபோன வேலை.” சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ நடுவில் வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் அது அங்கேயே இருக்கும்.

முடிந்த வேலையாம்! நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனால் கைக்கு வந்த ஒரு டாலர் எங்கே போனது என்று தெரியாமல் ஒரு மாதக் கணக்கையும் நான் மூடியதில்லை. உங்கள் ஆபீஸில் ஒரு முழுப் பாலம் எங்கே போனது என்று பார்க்காமல் எப்படி மூடுகிறீர்கள்? அந்தப் பணம் எங்களைப் போன்ற தீவுகளின் பெயரைச் சொல்லி வாங்கியது. எங்கள் கால் நனைகிறது என்று எழுதித்தான் வாங்கியிருக்கிறீர்கள். பணம் போய்ச் சேர்ந்தது, கால் இன்னும் நனைகிறது.

நீ அனுப்பியது வந்தது. கூரைக்கு நான்கு தகடு வாங்கினேன், மிச்சம் எண்ணெய்க்கும் மாவுக்கும் ஆயிற்று. வாசல் சீமைப்பலா இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மலையில் மழை கொட்டி ஆறு பெருகி வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட அக்கரைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியாமல் கோயில் பெஞ்சுகளில் படுத்தார்கள். நான் கொக்கோ காய்ச்சிக் கொண்டுபோனேன். பிள்ளைத்தாய்ச்சியான உன் தம்பி மனைவி கிளியோவுக்கு அன்றைக்கு இக்கரை நர்ஸிடம் காட்ட வேண்டிய நாள். இர்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் நின்றான். அவள் வயிற்றில் கை வைத்து ஏதோ கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் கையைத் தூக்கினேன், அவளும் தூக்கினாள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அந்த மலைப் பாலத்துக்குப் போக அக்கரையில் பாதையே கிடையாது, பாறைதான்.

ராம்சரண் போகும்முன் ஒன்று சொன்னார். அந்தப் பாலம் வார்த்துக் கட்டியது இல்லையாம், துண்டு துண்டாக முடுக்கி வைத்ததாம். கழற்றிக் கீழே கொண்டுவந்து ஆறு கடலில் சேருகிற இடத்தில் பூட்டலாமாம். அதற்குத் தேவையான பணம் இந்த வேலைக்கென்றே இன்னும் மிச்சம் இருக்கிறதாம். ஆனால் மாதக் கடைசியில் ஆபீஸில் இந்த வேலையின் கோப்பை மூடிவிட்டால் அது திரும்பிப் போய்விடும். “இடத்தை எழுதினவங்களே, தப்பா எழுதிட்டேன்னு கைப்பட எழுதிக் கொடுத்தாத்தான் திறப்பாங்க. வேற யார் சொன்னாலும் ஊர்ப் பேச்சுன்னு தள்ளிடுவாங்க” என்றார். அப்படி எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

உன் வேலை எனக்குத் தெரியாததில்லை, மகளே. அதற்காக நீ படித்ததும் நான் மாவு பிசைந்து விற்றதும் எனக்குத் தெரியாததில்லை. வேலை போனால் உன் கட்டில் இங்கேதான் இருக்கிறது, புதுத் தகட்டுக்குக் கீழே, ஒழுகாது. ஆனால் அல்போன்சின் மறுபடியும் அந்தக் கையைச் சபித்தால் நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்து மறைக்க மாட்டேன்.

இன்னொரு செய்தி. பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஞானத்தாயாக உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று கிளியோ பிடிவாதமாக இருக்கிறாள். நானும் சரி என்றேன். கோயில் இக்கரையில். பிள்ளையை எந்த வழியாகக் கொண்டுவரச் சொல்வது?

தினமும் ஜெபமாலையில் ஒரு மணி உனக்காக உருட்டுகிறேன். கோபத்தோடு உருட்டினாலும் அது ஜெபம்தான். ஆண்டவர் உன் கையைக் காப்பாராக.

பங்குத்தந்தை வெள்ளிக்கிழமை ஆன்டிகுவா வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது உன் பதிலை அவர் கையிலேயே கொடுத்துவிடு. மாதக் கடைசிக்கு முன் எனக்குப் பதில் வேண்டும்.

உன் அம்மா,
யூலாலி