பதினாலாம் நம்பர் வயிறு

ஜனவரி 9, 2024

ஒரு காரியத்தை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும். டப்பா கொடுக்கிற நாளுக்கு முந்தின இரவு நான் கீரையும் வாழைப்பழமும் தின்கிறேன். மலம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட இப்படித் தயாரானதில்லை. அதற்கு மேல் பரீட்சையே எழுதவில்லை, அது வேறு விஷயம்.

எல்லாம் ஜெப்சியால் வந்தது. காலேஜில் வயிற்றுக் கிருமிகளை ஆராய்ச்சி செய்கிற பெண். தக்கலையில் என் பழங்கஞ்சிக் கடையில்தான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. கஞ்சி குடிக்கிறவர்கள் வயிற்றில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்க முப்பது பேரிடம் மாதம் ஒரு டப்பா வாங்குகிறாள். டப்பாவில் பெயர் கிடையாது, நம்பர்தான். நான் பதினாலு. தின்றதை எழுத ஒரு நோட்டு தந்தாள். எனக்கென்று இன்னொன்று கேட்டு வாங்கினேன். அதுதான் இது.

இன்று சொன்னாள்: "மாமி, ஒங்க வயித்துல ஈ.கோலைண்ணு ஒரு கிருமி இருக்கு. பரம சாதுவாக்கும். சும்மா கெடந்து ஒங்களுக்கு உதவி செய்யுது."

பக்கத்தில் சத்தியபாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு; இப்போது அடுத்த கடையில் தையல். விடுவேனா?

"கேட்டியா ஏட்டி? எனக்க வயித்துல இருக்கியது பூரா சாது. ஒனக்க வயித்துல எல்லாம் ஒன்னைய மாதிரி."

"ஒனக்குக் கிருமி வயித்துல இல்லட்டி, வாயிலயாக்கும்."

பிப்ரவரி 20

தங்கையன் பெரிய கரண்டி ஒன்று வாங்கி வந்தார். கஞ்சியைக் கையால் பிசைய வேண்டாமாம். புருஷன் வாங்கித் தந்த பொருள், ஆணியில் மாட்டி வைத்தேன். தயிரும் உள்ளியும் காந்தாரி மிளகாயும் போட்டு என் கையால் பிசைந்தால்தான் லாரி நிற்கும். கரண்டிக்கு எந்த லாரி நிற்கும்?

மார்ச் 12

ஜெப்சி டப்பா வாங்க வந்தாள். கஞ்சி வேண்டாம் என்றாள். "லெந்து நாளுல்லா மாமி. கஞ்சிய விட்டிருக்கேன்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக்கு இறைச்சியை விடுவார்கள், மீனை விடுவார்கள். பழங்கஞ்சியை விட்ட கிறிஸ்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 4

ஈஸ்டர் கழிந்தும் ஜெப்சி கஞ்சி குடிக்கவில்லை. "கல்யாணம் நிச்சயமாயிட்டா மக்கா? மெலியுதியா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியென்றால் மாப்பிள்ளைதான்.

அவளுக்கு எடுத்து வைக்கிற சட்டியையும் சத்தியபாய்க்கே கொடுக்கிறேன். "பன்னிக்குப் போடுத மாதிரி போடுதா" என்கிறாள். மிச்சம் வைப்பதில்லை.

மே 6

சத்தியபாய் வரவில்லை. வயிற்றுப்போக்காம்.

மே 8

இரத்தமாகப் போகிறது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

மே 11

சிறுநீரகத்தில் கோளாறு. இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், முகம் ஊதிக் கிடக்கிறது. கேலி செய்ய வாய் வரவில்லை.

மத்தியானம் சுகாதார ஆபீஸிலிருந்து ஆள் வந்து கடையைச் சாத்தச் சொன்னார். என் கடையில் குடித்த வேறு நாலு பேருக்கும் வயிறு சரியில்லையாம், அவர்கள் தேறிவிட்டார்கள். என்னிடமும் டப்பா கேட்டார். எனக்கு என்ன? நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

மே 17

ஜெப்சி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

சத்தியபாயைப் படுக்க வைத்த கிருமியும் என் வயிற்றில் இருப்பதும் ஒன்றுதானாம்.

"நீ சாதுண்ணு சொன்னியே?"

"அந்தச் சாதுவேதான் மாமி. வேற ஆளு இல்ல. மாசாமாசம் அதுக்க உள்ள இருக்கிய மரபணு எழுத்தப் படிச்சோம். குடல்ல ஒட்டிப் பிடிக்கிய சாமர்த்தியம் அதுக்கு முந்தியே உண்டு. அது நல்லதுக்குண்ணு நெனச்சோம். பொறவு கிருமிக்குள்ள பூருத ஒரு வைரஸ் அதுல பூந்து அங்கயே தங்கிட்டு. வெஷம் செய்யுத வித்த அந்த வைரஸுகிட்ட இருந்துது. இப்ப இதுக்கும் வந்துட்டு. இது பெத்துப் போடுத கோடிக்கும் அந்த வித்த உண்டு."

"எனக்கு ஒண்ணும் செய்யலியே?"

"செல பேர ஒண்ணும் செய்யாது. கையில பட்டு அடுத்தவங்க வயித்துக்குப் போனா, அங்க செய்யும்."

கையில் பட்டு. என் கையில்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். அழுதாள். மூன்று தடவை கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"மார்ச்சு மொதல் வாரம். எங்க காலேஜு சாருகிட்ட சொன்னேன். நம்பருக்குப் பின்னால உள்ள பேர வெளிய எடுக்கப்பிடாது, இன்னொரு தடவ பாத்து உறுதிப்படுத்துவோம்ணு சொன்னாரு."

"பதினாலு நானுண்ணு ஒனக்குத் தெரியும்லா?"

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் போன பிறகு இந்த நோட்டைத் திருப்பினேன். மார்ச் 12. லெந்தாம்! தன் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டாள். நான் மாப்பிள்ளை என்று சிரித்துக்கொண்டு, அவள் சட்டியைச் சத்தியபாய்க்கு ஊட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை, மாமி கையால் பிசையாதீங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அந்தக் கரண்டி ஆணியில்தானே தொங்கிக்கொண்டிருந்தது? பாவி மட்ட, நல்லா இருப்பியா நீ!

மே 18

தூங்கவில்லை.

வெளியிலிருந்து வந்த கள்ளன் என்றால் ஏசலாம். இது என் சோற்றைத் தின்று, எனக்குள்ளேயே கிடந்து, எனக்கு நல்ல பெயரும் வாங்கித் தந்தது. எவனோ வந்து அதற்குள் தங்கினான், அதன் கையில் கத்தியைக் கொடுத்தான். என்னைக் குத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அவளைக் குத்தியிருக்கிறது.

அதற்கு மனசு கிடையாது என்று ஜெப்சி சொன்னாள். சரி. ஜெப்சிக்கு உண்டே?

இதையும் எழுதிவிடுகிறேன். கூட்ட நேரத்தில் சோப்பு போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய நாட்கள் உண்டு. சாது வயிறுதானே என்று நினைத்தேன்.

மே 23

சத்தியபாய் கண் திறந்துவிட்டாள். நானே சொன்னேன், எல்லாவற்றையும். கடைசிவரை கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏசியிருக்கலாம்.

ஜூன் 4

தங்கையன் வீட்டில் சாப்பிடவில்லை, பசி இல்லையாம். வாயில் பரோட்டா வாசம். வேளாவேளைக்கு சோப்பு போட்டுக் கழுவி என் கைத்தோல் உரிகிறது. அவரிடம் நீட்டிக் காட்டினேன். "கோவப்படாத பிள்ளே" என்றார். பரோட்டாவை மறைக்க வெற்றிலை வேறு.

ஜூன் 19

சத்தியபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷின் இனி வேண்டாமாம். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்தேன்.

ஜூலை 2

சுகாதார ஆபீஸில் மறுபடி கேட்ட இரண்டு டப்பாவில் முதலாவது சுத்தம். கடையைத் திறக்கலாமாம், ஆனால் அடுத்த டப்பாவும் சுத்தமாக வந்தால்தான் நான் சாப்பாட்டுப் பொருளைத் தொடலாமாம். இந்தத் தடவை கீரை தின்னவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே கொடுத்தேன்.

ஜூலை 8

சாயங்காலம் வாசலில் சத்தியபாய். பாதி உடம்புதான் இருக்கிறது. என்னைப் பார்க்காமல் கடைப் பூட்டைப் பார்த்துப் பேசினாள்.

"எத்தன நாளா பூட்டிப் போட்டிருக்க?"

"நான் தொடப்பிடாதுட்டி."

"நீ தொட வேண்டாம். நான் பிசையுதேன். நீ சொல்லித் தந்தா போரும். வாயிக்கு ஒண்ணும் தட இல்லல்லா?"

எனக்கு வாய் வரவில்லை. "அந்த வாயயும் பூட்டிட்டாவளா?" என்றாள்.

ஜூலை 9

கடை திறந்தோம். நான் நாலடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன், சத்தியபாய் பிசைந்தாள். டாக்டர் அவளுக்கு உப்பை விலக்கியிருக்கிறார், அதனால் ருசி பார்க்கவில்லை. நான் தொடக் கூடாது, அதனால் நானும் பார்க்கவில்லை. உப்புப் போடச் சொல்லி நான் மறதியில் இரண்டு தடவை சொன்னேன். அவள் இரண்டு தடவையும் போட்டாள்.

பதினோரு பேர் குடித்தார்கள். ஒரு லாரிக்காரர் மூன்று செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவது ஜெப்சி. கூப்பிடாமல் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். சத்தியபாய் அவள் முன்னால் ஒரு சட்டி வைத்தாள். ஜெப்சி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லா இருக்கா என்று கேட்டேன். நல்லா இருக்கு மாமி என்றாள்.

அவள் போன பிறகு தங்கையன் வந்து ஒரு வாய் வைத்துத் துப்பினார். அப்போதுதான் உப்பு விஷயம் தெரிந்தது.