தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண்

ஊக்கு குத்திவிட்டது. பெட்டியைப் பிரித்து அழுக்குத் துணிகளை வாஷிங் மெஷினில் திணித்துக்கொண்டிருந்தேன். சுடிதாரின் உள்பக்கத்தில் நீ தைத்துக் கொடுத்த பச்சைத் துணிப்பை இன்னும் தொங்குகிறது என்பது மறந்தே போயிற்று. விரலில் ஒரு பொட்டு ரத்தம். பழக்கதோஷத்தில் உன்னைத்தான் திட்டினேன். "இதைக் கண்டுபிடிச்சவ மட்டும் என் கையில கிடைச்சா" என்று வாய்விட்டு ஆரம்பித்துவிட்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலைதான் ப்ராகிலிருந்து அஜ்மானுக்குத் திரும்பினேன். ஆமாம், தனியாகத்தான் போனேன். நீ சிரிப்பாய். அந்த ஊரில் மூன்று ராத்திரி அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்து, உன்னையும் முடக்கிப் போட்டவள்தானே நான்.

அதற்கு முன்னால் நான் அடித்த சவடால் என்ன கொஞ்சமா? இங்கே நமக்கு ராத்திரிதானே பகல். வெயில் தாழ்ந்து, சமையல் முடிந்து, பதினொரு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நாம் நடக்கப் போனால், எதிரே தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள் வரும். கிராசரி வாசலில் காரை ஓடவிட்டு, ஏசியும் ஓட, சாவியும் தொங்க, இறங்கிப் போய் அரைமணி நேரம் கதை பேசிவிட்டு வருவேன். ஷார்ஜா மாலில் சாப்பிடப் போனால் முதல் வேலை, காலி மேஜையில் கைப்பையைப் போட்டு இடம் பிடிப்பது. பிறகுதான் வரிசையில் நிற்கப் போவோம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கர்ச்சீப்கூடக் காணாமல் போனதில்லை. "ராத்திரி நடக்கறதுக்கு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்" என்று ஏர்போர்ட்டிலேயே உன்னிடம் சொன்னேன்.

நீ கே.ஜி. டீச்சர். முப்பது வாண்டுகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் முப்பதையும் திருப்பிக் கொண்டுவருவது உன் தொழில். போகிற இடத்துக்கு முதல் நாளே நீ தனியாகப் போய் வழியெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வருவாய். ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் பெயரும் டீச்சரின் ஃபோன் நம்பரும் எழுதிய அட்டையைக் குத்தி அனுப்புவாய். அதையே ப்ராகில் என்னிடமும் காட்டினாய். நம் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் லீவு கிடைக்காமல், ஈத் விடுமுறையில் நாம் மட்டும் போன பயணம் அது. ஹோட்டலில் இறங்கிய முதல் மணி நேரத்தில், என்னைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, சுடிதாருக்குள் இந்தப் பச்சைப் பையைக் குத்தினாய். உள்ளே என் பாஸ்போர்ட். கூடவே ஓர் அட்டை. அதில் என் பெயர், ஹோட்டல் பெயர், கீழே குண்டு குண்டான எழுத்தில், "தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண்". அந்த இடத்தில் உன் நம்பர்.

"நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்றேன்.

"எல்.கே.ஜி. பிள்ளைய நம்பலாம்ட்டி. சொன்ன பேச்சு கேக்கும்" என்றாய்.

வெளிச்சம் இருக்கும்போதே என்னை இழுத்துக்கொண்டு ஹோட்டலிலிருந்து பழைய சதுக்கம் வரைக்கும் நடந்தாய். மருந்துக்கடை, மூலையில் பெரிய சிவப்புக் கதவு, அங்கிருந்து ட்ராம் தண்டவாளம் என்று விரல் மடக்கி ஒப்பித்தாய். நான் காதில் வாங்கவே இல்லை. எனக்கு அந்தக் கோபுரங்களையும் கடிகாரத்தையும் பார்க்கவே இரண்டு கண் போதவில்லை.

உனக்கு வேண்டியிருந்தது பாலம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கற்சிலைகள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய பாலத்தை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், கூட்டம் கலைந்த பிறகு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடக்க வேண்டும். எங்கேயோ ஒரு காலண்டரில் பார்த்த படமாம். "பகல்ல பாக்கதுக்கு நான் வரலட்டி" என்று விமானத்திலேயே சொன்னாய். முதல் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நேரே பாலத்துக்குத்தான் போவதாக இருந்தோம்.

சாப்பிடத்தான் சதுக்கத்தின் ஓரத்தில் அந்தக் கடைக்குப் போனோம். நாமே கவுன்டரில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டிய கடை. கூட்டமோ கூட்டம். வெளியே ஒரே ஒரு மேஜை காலியாக இருந்தது. நான் என்ன செய்தேன்? கைப்பையை மேஜை நடுவில் ஜம்மென்று வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

"ஏட்டி, பைய எடுத்துட்டு வா."

"இடம் போயிடும்டி. சும்மா வா."

நீ திரும்பிப் போய் எடுக்கத்தான் பார்த்தாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. தட்டோடு திரும்பினால் இடம் இருந்தது. யாருமே உட்காரவில்லை. பைதான் இல்லை. என் ஃபோன், மூக்குக் கண்ணாடி, அறைக்கதவின் கார்டு எல்லாம் போயிற்று. உன் ஃபோனோ, சாயங்காலம் முழுக்க உன் வீட்டுக்கார அண்ணனுக்கு வீடியோவில் ஊரைக் காட்டிக் காட்டியே உயிரை விட்டிருந்தது. நான் அந்த மேஜையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ குனிந்து என் நெஞ்சுப் பக்கம் கையை வைத்துப் பார்த்தாய். பச்சைப் பை இருந்தது. "பாஸ்போர்ட் இருக்கு. நீயும் இருக்க. போலீசு காலையில. இப்ப ரூமுக்கு நட" என்றாய். "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. நானாக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். சிவப்புக் கதவுக்கு எதிரே ஒரு வளைவுச் சந்து பிரிந்தது. அதன் வழியாகப் போனால் ஹோட்டல் பக்கம் என்று மத்தியானம் மேப்பில் பார்த்த ஞாபகம் எனக்கு. இருட்டாகக் கிடந்தது. "இதுல போனா அஞ்சு நிமிஷம்" என்றேன். நீ நிற்கவே இல்லை. "ஆள் நடமாட்டம் இருக்க வழிதான் குறுக்கு வழி" என்று தண்டவாளத்தை ஒட்டியே நடந்தாய். கொஞ்ச தூரத்தில் நாலைந்து இளவட்டங்கள் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டு நடைபாதையை அடைத்து வந்தார்கள். நீ பதறாமல் என் முழங்கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்து, நம் சொந்த வீடு மாதிரி சோபாவில் உட்கார்ந்தாய். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் உள்ளதைச் சொன்னாய். அவள் தண்ணீர் கொடுத்தாள். வெளியே கூச்சல் ஓய்ந்ததும் கிளம்பினோம்.

கடைசித் தெருவில்தான் எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒற்றை ஆள். நாம் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக வருகிற மாதிரி இருந்தது. நான் உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். நீ அந்தச் செத்த ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழில் பேச ஆரம்பித்தாய்.

"ஆமாங்க, முக்குக்கு வந்துட்டோம். நீங்க வாசல்லயே நில்லுங்க. எது, நாயா? நாய அவுத்தே விடுங்க, பரவாயில்ல."

வாசலில் நிற்க வேண்டிய அண்ணன் அப்போது அஜ்மானில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாயைக் கண்டாலே அவர் ஏழு ஊர் தாண்டி ஓடுவார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்த ஆள் நம்மைத் தாண்டிப் போனான். பார்த்தால் ஒரு கிழவர், கையில் ரொட்டிப் பொட்டலம். நமக்குத் தலையசைத்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்தின் கதவைத் திறந்து உள்ளே போனார். பாவம், அவரும் நம்மைப் பார்த்துப் பயந்திருப்பார்.

அதோடு போயிருந்தால் அது சிரித்துச் சொல்கிற கதை. நான் அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வெளியே வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்று ராத்திரி. நீ என்னைத் தனியே விட்டுப் போகவும் இல்லை, என்னோடு சண்டை போடவும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கப் நூடுல்ஸ் தின்றபடி, கூரைகளுக்கு மேலே தெரிந்த கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "போடி, நீ மட்டும் போயிட்டு வா" என்றேன். "ஒண்ணா வந்தோம், ஒண்ணாத்தான் போணும். அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றாய்.

அடுத்த தடவை வரவில்லை. வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனாய். எட்டு மாதம்தான். பாளையங்கோட்டைக்கு நீ போன பிறகு எனக்கு லீவு கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரிடமும் இதை நான் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் அழுதது நீ போனதற்கு மட்டும் இல்லை. மூன்று ராத்திரி உன் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பாலம் இருந்தது. என்னால்தான் நீ அதைப் பார்க்கவில்லை. அது என் தொண்டையில் முள்ளாக நின்றது.

அண்ணன் இப்போதும் எங்களுக்குக் கீழ்த் தளத்தில்தான் இருக்கிறார். பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். உன் நம்பரை அவர் ரத்து செய்யவில்லை. உன் ஃபோனைத் தினமும் சார்ஜில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போகிறார். இந்த ஈத் லீவுக்கு ப்ராக் போகிறேன், தனியாக, என்று நான் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். அண்ணனிடம் மட்டும், "பாலத்துல இருந்து கூப்பிடுறேன் அண்ணா" என்றேன். தலையை ஆட்டினார்.

ட்ராம் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே, பெரிய சாலையில் அறை எடுத்தேன். வெளிச்சத்தில் ஒரு தடவை பாலம் வரை நடந்து, வரும் வழியில் விடிய விடிய ஆள் இருக்கும் இடங்களாக மூன்று பார்த்து வைத்தேன். சாயங்காலமே ஃபோனைச் சார்ஜில் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பச்சைப் பையை நானே குத்திக்கொண்டேன். பாஸ்போர்ட், உன் அட்டை, இரண்டும் உள்ளே. எல்.கே.ஜி. பாஸ்.

பாலத்தின் வாசல் கோபுரம் வரைக்கும் தைரியமாகத்தான் போனேன். அங்கே கால் நின்றுவிட்டது. விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. சிலைகள் கறுப்பாக நின்றன. அங்கொருவர் இங்கொருவர் நடந்துகொண்டிருந்தார்கள். பயப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய காலடிச் சத்தம் காதுக்குள் கேட்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பிறகு நீ எழுதிய அட்டையை எடுத்தேன். தொலைந்தால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறாயே, கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. பாலத்துக்கு வந்தாச்சா?"

"வந்துட்டேன் அண்ணா. பயமா இருக்கு. நீங்க தூங்கலியா? அங்க ஒரு மணி இருக்குமே."

"எங்க தூங்க? நான் வாசல்லதான் நிக்கேன்."

நிஜமாகவே நின்றிருக்கிறார். பின்னால் நம் கட்டடத்துக் கிராசரி வாசலில் கார்கள் ஹாரன் அடிப்பது கேட்டது. "அவ போறதுக்கு முன்னால சொன்னா. நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு என்னைய வாசல்ல நிக்க வச்சீங்களாமே. நாயோட. நாய்க்கு மட்டும் வழியில்ல, மத்தபடி நிக்கேன். நீ நடம்மா" என்றார்.

நடந்தேன். வீடியோவைப் போட்டு ஃபோனை முன்னால் நீட்டிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தேன். ஆற்றில் விளக்கெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. கோட்டை மேலே வெளிச்சமாக நின்றது.  ஒரு தடவை அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. நீ பார்க்க ஆசைப்பட்டதை உன் ஃபோன் பார்த்தது. அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முள் இறங்கிவிட்டதடி. மறுமுனையில் நின்று நெஞ்சாற மூச்சு விட்டேன்.

"அழகா இருக்கும்மா" என்றார் கடைசியில். "சரி, ட்ராம் போற வழியா ரூமுக்குப் போ. சந்துல கிந்துல நுழையாத. ரூமுக்குள்ள போயிட்டுச் சொல்லு, அதுவரைக்கும் இங்கனதான் நிப்பேன்." அச்சாக உன் குரல்தான்.

இதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தேன்; இன்றைக்கு மத்தியானம் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ரசத்தைப் பிசைந்துகொண்டே, அடுத்த ஈத் லீவுக்கு மூன்று பேருமாக அங்கே போகலாமா என்று அவராகவே கேட்டார். நீ போன பிறகு அவர் ஒரு விஷயத்துக்கு நாள் குறிப்பது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கீழே போய், உன் தையல் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். உள்ளே அந்தப் பச்சைத் துணி மிச்சம் இருந்தது, இரண்டு பைக்குச் சரியாக வரும்.

ஒன்று தைத்துவிட்டேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது, பிரித்துத் தைக்கச் சொல்வாய். இரண்டு அட்டையும் எழுதியாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஒன்றில், அண்ணன் பெயர் ஒன்றில். தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண் என்ற வரிக்கு வந்ததும், யாருடையதை எழுதுவது என்று நான் யோசிக்கவில்லை. இரண்டிலும் உன் நம்பரையே எழுதினேன்.